மேப்பிளின் வயிறு

இன்னும் உட்காரவில்லை. காலி மனையின் மூலைக்கல்லை முகர்ந்தாயிற்று, பார்த்தீனியச் செடிக்குள் மூக்கை விட்டாயிற்று, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முதுகை வளைத்து, இதோ என்று நான் மூச்சைப் பிடித்த நேரத்தில் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான். நீ பார்த்தால் வராது என்கிற பார்வை. சரி, பார்க்கவில்லை, மலையைப் பார்க்கிறேன், மருதமலை மேல் மேகம் பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடக்கிறது, திரும்பிக்கொண்டேன் மேப்பிள், ஆகட்டும். என் இடது கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. "ஒரு தடவ சாம்பிள் கொண்டாந்துருங்க மேடம். ஃபோன்ல நீங்க சொல்ற வர்ணனையே போதும்தான், ஆனாலும் நான் கண்ணால பாக்கணுமில்ல" என்று சிரித்தார் கால்நடை டாக்டர். வர்ணனை. டொராண்டோவில் ஆஸ்பத்திரி லேபில் பாதி வாழ்க்கை எனக்கு அந்த வர்ணனையில்தான் போயிற்று, நிறம், இறுக்கம், சளி, செரிக்காமல் வந்தது என்று முகம் தெரியாதவர்களின் வயிற்றை டப்பா டப்பாவாகத் திறந்து எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே அதற்கு ஒரே ஒரு சொல், ஸ்டூல், கையுறை போட்ட சொல். இங்கே திரும்பி வந்தால் அதற்கு எத்தனை பேர், ஒன்றுகூட வாயில் வைக்கிற மாதிரி இல்லை. கீழ்வீட்டு அக்கா கேட்பார், "மாப்பிள்ள கொல்லைக்குப் போய்ட்டானா கண்ணு?" என்று, நம் வீட்டில் கொல்லையே இல்லை, இந்தக் காலி மனைதான் உண்டு. ஆனால் அவனுடையதை அந்தச் சொற்களில் எதனாலும் அழைக்க எனக்கு மனம் வந்ததில்லை, ஏனென்றால் பச்சைக் கறி தின்கிற நாய் விடுவது அப்படி ஒன்றும் அசிங்கமில்லை. விரலளவு, இறுகல், வாடை கிட்டத்தட்டக் கிடையாது, இரண்டு வெயில் பட்டால் வெளுத்து, காலால் தொட்டால் சாம்பலாக உதிர்ந்துவிடும். கோழிக் கழுத்து சரியாகப் போட்டால் அப்படி. எலும்பு கூடிவிட்டால் சாக்கட்டி மாதிரி வரும், முக்குவான், அன்றைக்கு ஒரு கரண்டி வெந்த பூசணி. ஈரல் கூடிவிட்டால் தார் மாதிரிக் கருத்து இளகும், மறுநாள் ஈரல் கிடையாது. முதன்முதலில் வேகவைத்ததிலிருந்து பச்சைக்கு மாற்றியபோது சளி போர்த்திக்கொண்டு வந்தது, என் கணவர் ரங்கராஜ் பயந்துபோய் நிறுத்திவிடலாம் என்றார், நான் நிறுத்தவில்லை, குடல் பழைய தோலை உரிக்கிறது, பொறு என்றேன், பொறுத்தோம், சரியாயிற்று. அவன் வயிறு என் கைக்குள் இருந்தது. முந்தின நாள் நான் போட்டது எதுவோ அதுதான் மறுநாள் காலை இந்த மண்ணில் எழுதியிருக்கும், ஒரு எழுத்து கூடாது, குறையாது. இந்தப் புரட்டாசி பிறந்ததிலிருந்து எழுத்து மாறியிருக்கிறது.

முதலில் அளவு மாறியது. விரலாக இருந்தது குவியலாயிற்று, மஞ்சளாக, மெத்தென்று, மனுஷ வாடையோடு. குச்சியால் கிளறினால் சோற்றுப் பருக்கை. நான் அரிசி வாங்குவதில்லை. இன்னொரு நாள் துவரம்பருப்பு பிளந்தபடியே. அப்புறம் ஒரு நாள் சிவப்பு. அதைப் பார்த்ததும் மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டேன், எலும்புத் துண்டு எங்காவது குடலைக் கிழித்துவிட்டதா, நான் போட்ட எலும்பு, என் கையால் போட்ட எலும்பு என்று மனம் ஓட ஓட, லேப் கண் மட்டும் தனியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது, ரத்தம் இந்த ஊதா அடிக்காதே, ரத்தம் இப்படி மண்ணில் பன்னீர் மாதிரிப் பரவாதே என்று. பீட்ரூட். பீட்ரூட் என்று தெரிந்ததும் பயம் போகவேண்டும் இல்லையா. போகவில்லை, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. நான் பீட்ரூட்டும் வாங்குவதில்லை, ரங்கராஜுக்கு அது ஆகாது. சர்க்கரை. தேங்காய்த் துருவல் போட்டுப் பீட்ரூட் பொரியல் பண்ணுகிற அடுப்பு இந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான், அது கீழே இருக்கிறது. சுலோச்சனாக்கா. ரங்கராஜின் அண்ணி. அண்ணன் வரதராஜ் போய், அண்ணி தனியாகிவிட்டார் என்றுதான் கனடாவை மூட்டை கட்டினோம், கீழே அவர், மேலே நாங்கள், நடுவில் மாடிப்படி. வந்த வாரமே பக்குவமாகச் சொன்னேன், "அக்கா, இவனுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது, தயவுசெஞ்சு ஒண்ணும் போட்றாதீங்க" என்று. "நான் எதுக்கு கண்ணு போடறேன், நீ வளக்கற பையன்" என்றாள். என்றார். ஆனால் அன்றைக்கே பெயரை மாற்றிவிட்டார். மேப்பிள் என்பது அவர் வாய்க்குள் போனதும் மாப்பிள்ளை ஆகிவிட்டது, இப்போது தெரு முழுக்க மாப்பிள்ளைதான், பால்காரர் மாப்பிள்ளை, பூக்காரம்மா மாப்பிள்ளை. "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்ன கோவமுங்க?" என்று மரியாதை வேறு. நான் மேலிருந்து மேப்பிள், கம் என்றால் காதை மட்டும் திருப்புகிறான். கீழிருந்து மெல்ல, கூப்பிட வேண்டும் என்றுகூட இல்லாமல், தனக்குள் சொல்லிக்கொள்வது மாதிரி மாப்ளே என்று ஒரு குரல் வந்தால் நகம் படியில் வழுக்கிக்கொண்டு உருண்டு போகிறான். போன வாரம் பூக்காரம்மாவிடம் அக்கா, "இப்படி உக்காருங்க, எடுத்துட்டு வாரேன்" என்றார், பூக்காரம்மா உட்காரவில்லை, இவன் உட்கார்ந்தான். சிட் என்ற ஒரு சொல்லுக்கு அவன் பின்புறத்தைத் தரைக்குக் கொண்டுவர நான் எத்தனை மாதம் ஈரல் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பனிநாட்டில் குனிந்து நின்றிருப்பேன். யார் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது.

"என்னங்கம்மா, மாப்பிள்ள இன்னும் மனசு வெக்கலியா?" குப்புராஜ் சார், எதிர்வரிசை, காலை நடை, குரங்குக் குல்லா. இல்லீங்க சார் என்கிறேன். "நீங்க அந்தப்பக்கம் திரும்பி நிக்கோணும். எம் பேரன் அப்படித்தான், ஆராச்சும் பாத்தா அவனுக்கு வராது." திரும்பித்தான் நிற்கிறேன் சார். "டப்பால என்னங்க, டிபனா?" நல்லவேளை, பதிலுக்கு நிற்காமல் கை வீசிக்கொண்டு போய்விட்டார். மேப்பிள் அவர் போவதையே பார்க்கிறான், எல்லோரையும் அப்படிப் பார்க்கிறான், வெட்கமில்லாமல், உன்னிடம் என்ன இருக்கிறது என்று. என்னிடம் இருக்கிறதே. பால்கனியில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் நிறைய உனக்காகவே இருக்கிறதே, கழுத்து, நெஞ்சுக்கூடு, மண்ணீரல், நிறுத்துப் பொட்டலம் போட்டு. கறிக்கடைக்காரர் என்னைக் கண்டால் கும்பிடுகிறார் இப்போது. "புரட்டாசி வந்தா ஈ ஓட்டறனுங்க மேடம். உங்க நாயி ஒண்ணுதான் எனக்கு யாவாரம். பெருமாளுக்குப் பயப்படாத ஒரே சீவன்." இவர்களுக்குக் குலதெய்வம் காரமடைப் பெருமாள், அதனால் இந்த மாதம் கீழே முட்டை ஓடுகூட நுழையாது, மேலேயும் ரங்கராஜுக்காக நான் கறியை நிறுத்திவிடுவேன், நாய்க்கு மட்டும் உண்டு. அதற்கு அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வாயில்லாச் சீவன், அதுக்கென்ன பாவ புண்ணியம்" என்றார். ஆனால் முதல் சனிக்கிழமை சாயங்காலம் இவன் மேலே வந்தபோது நெற்றியில் நாமம். வெள்ளையும் நடுவில் சிவப்பும், திருத்தமாக, அசையாமல் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான் என்று தெரிகிற மாதிரி. என்னிடம் காது துடைக்கக்கூட நிற்கமாட்டான். ரங்கராஜ் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன், அப்புறம் குளியலறைக்கு இழுத்துப்போய்த் துடைத்தேன், கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நாய்க்கும் சேர்த்து விரதம். இந்த வீட்டு நாயும் பெருமாளுக்குப் புரட்டாசி பிடிக்கவேண்டும், அதற்குத்தான் சோறு, பருப்பு, பொரியல். எவ்வளவு அழகான குற்றம், பக்தி என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் கேட்கமுடியாது. ராத்திரி பகலாகப் பேச்சு ஒன்று தயார் பண்ணிவைத்திருக்கிறேன், "அக்கா, நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா" என்று தொடங்கும், அந்த ஆனா வரைக்கும் நன்றாகவே வருகிறது, அதற்குப் பிறகு தமிழும் இங்கிலீஷும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வாசலில் நிற்கின்றன. அதனால்தான் டப்பா. டாக்டர் பார்த்து, வெளியார் வாயால், சோறு போடக்கூடாது என்று சொல்லட்டும்.

தாடையைத் தரையில் தேய்க்கிறான், எதையோ நக்கப் பார்க்கிறான், வேண்டாம் மேப்பிள், விடு. விட்டான். விடு என்றால் விடுகிறான், அதுவும் தமிழ். நேற்று மூன்றாம் சனிக்கிழமை. ரங்கராஜ் சாயங்காலம் இவனை நடத்திக்கொண்டு போய் நன்றாக இருட்டியபிறகுதான் வந்தார், குளக்கரைப் பக்கம் காற்று நன்றாக இருந்தது என்றார். சாயங்கால நடை அவருடையது, காலை என்னுடையது, அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். ராத்திரிக்கு நான் காலிஃபிளவரைத் துருவி அரிசி மாதிரி உதிர்த்து வைத்திருந்தேன், இரண்டு வாய் எடுத்துக்கொண்டு, "போதும் ஹேமா, வயிறு லேசா இருக்கட்டும்" என்றார். அந்த வார்த்தை கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு, மனுஷன் பழகிவிட்டார், இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி உடம்பு கேட்கத் தொடங்கிவிட்டது என்று. சர்க்கரை மட்டும் கேட்கவில்லை. போன பரிசோதனையில் ஏறியிருந்தது, மாத்திரை சரியில்லை, இங்கத்து மாத்திரையே இப்படித்தான் என்று நான் கடைக்காரனோடு சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எதுவும் சொல்வதில்லை. தட்டை வைத்தால் "நல்லாருக்கு" என்பார், காலிஃபிளவருக்கும் அதே நல்லாருக்கு, ஆளிவிதைத் தோசைக்கும் அதே, கல்யாணமான புதிதில் நான் கருகவிட்ட ரசத்துக்கும் அதே குரலில் அதே நல்லாருக்கு, மேலே ஏறாது கீழே இறங்காது. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் தட்டு பேசும். கறிவேப்பிலை. தின்னமாட்டார், எறியவும் மாட்டார், ஒவ்வொரு இலையாக நீவி எடுத்துத் தட்டின் ஓரத்தில், காம்பு வெளிப்பக்கம் பார்க்க, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் வரிசையாக அடுக்கிவைப்பார், யாரோ வந்து சரிபார்க்கப் போகிற மாதிரி. டொராண்டோவில் அது உறையவைத்த பாக்கெட்டில் கருத்துப்போய் வரும், தங்கம் விலை, அதையும் அப்படி அடுக்கினால் எரிச்சல் வராதா. வறுத்துப் பொடித்துப் போட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து என் சமையலில் முழு இலை கிடையாது, அவர் ஒதுக்க ஒன்றும் கிடையாது, ஓரம் சுத்தமாக இருக்கும், அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அக்கா நேர் எதிர். பின்பக்கச் சந்தில் நிற்கிற மரத்தில் கொத்தாகப் பறித்துப் பச்சையாகவே மெல்லுவார், தட்டில் விழுந்ததையும் ஒன்றுவிடாமல் தின்பார், "முடிக்கு நல்லது கண்ணு, உனக்கும் தரட்டுமா?" என்று என் நெற்றி வகிட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அறுபதை நெருங்குகிறார், முடி கருகருவென்று இருக்கிறது. நான் சாயம் போடுகிறேன். அதுவா இப்போது. அம்மா இல்லாத வீட்டில் ரங்கராஜ் அரைக்கால் சட்டையோடு நின்ற வயதில் அண்ணியாக வந்தவர், இவரைவிடப் பெரிதாக ஒன்றும் மூத்தவரில்லை, காலேஜ் முடியும்வரை சோறு கட்டிக்கொடுத்தவர். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, அதுதான் உபத்திரவம். விமான நிலையத்தில் பெட்டியோடு வந்து நின்றபோது இவர் கன்னத்தை இரண்டு விரலால் தொட்டு, "காஞ்சு போய்ட்டியே சாமி" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு சண்டைக்கு வழி கிடைத்திருக்கும். என்னைப் பார்க்கவே இல்லை.

உட்கார்ந்துவிட்டான். நான் பார்க்கவில்லை, கண்ணோரம், முதுகு வில்லாக, வால் விறைத்து நிற்க, முகத்தில் அந்தத் தொலைதூர யோசனை. நிறைய நேரம் எடுக்கிறது. பச்சைக் கறி நாளில் ஒரு முக்கல், ஒரு உதறல், முடிந்தது, திரும்பிப் பார்க்கக்கூட மாட்டான். இப்போது இரண்டடி நகர்ந்து இன்னொரு முறை. முடித்துவிட்டு மண்ணைப் பின்னங்காலால் வாரி எறிகிறான், நல்லபிள்ளை, தள்ளு, நான் பார்க்கட்டும். மஞ்சள். குவியல். எதிர்பார்த்ததுதான். குச்சியை எடுத்தேன். சோறு, ஆமாம். பருப்பு, ஆமாம். தக்காளித் தோல் நூலாகச் சுருண்டு சிவப்பாக, ஆமாம். அரிசியும் பருப்பும் தக்காளியும் ஒன்றாக வேகிறது என்றால் அரிசிம்பருப்புச் சோறு, இந்த ஊர்க்காரர்கள் செத்துப் பிழைத்தாலும் எழுந்து உட்கார்ந்து கேட்கிற சோறு, நேற்றுச் சனிக்கிழமைக்கு அக்கா அதைத்தான் வைத்திருக்கவேண்டும், நெய் விட்டு. அக்கா, நீங்க பெரியவங்க, ஆனா. குச்சி எதிலோ தட்டியது. தட்டியது இல்லை, வழுக்கியது. பச்சை. புரட்டினேன். இலை. ஒன்று இல்லை, ஒரு கட்டு. முழுசு முழுசாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கடித்த தடம் இல்லாமல், குடல் முழுக்கப் பயணம் பண்ணி வந்தும் நிறம்கூடச் சரியாக மாறாமல். நாய் வயிற்றுக்கு இலை ஆகாது, போன மாதிரியே திரும்பி வரும், அது எனக்குத் தெரியும். தெரிந்ததையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன், இலை ஆகாது, போன மாதிரியே வரும், ஏனென்றால் அதற்கு அடுத்தது என்ன என்று மனம் போக மறுக்கிறது. சோற்றில் கலந்து தின்றிருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். இது ஒரே வாயில் போனது. சேர்த்து வைத்ததை ஒரே நக்கில் வழித்து விழுங்கியது. யார் சேர்த்துவைத்தது. அக்கா இலையை ஒதுக்கமாட்டார். அக்கா தின்றுவிடுவார். நாய்க்கென்று வைக்கிற சோற்றில் யாரும் இலையை அடுக்கிவைக்கமாட்டார்கள். இது நாய்க்கு வைத்த சோறு இல்லை. இது ஒரு தட்டின் ஓரம்.

மேகம் மலையை விட்டு இறங்கிவிட்டது. நான் நிற்கிறேன், குச்சியோடு. அப்படியென்றால் குளக்கரைக் காற்று இல்லை. அப்படியென்றால் ரங்கராஜ் படியிறங்கி, கேட்டைத் திறந்து, தெருவில் நாலு வீடு நடந்து எனக்குக் காட்டிவிட்டு, திரும்பிப் பின்பக்க வழியாகக் கீழ்வீட்டுக்கு. அப்படியென்றால் வயிறு லேசாக இருக்கட்டும் என்பது வயிறு நிரம்பியிருக்கிறது என்பது. சர்க்கரை ஏறியது. மருந்துக்கடையில் என் பின்னால் நின்ற நிற்பு. கடைக்காரன் பாவம். ஒரு நாள் பால்கனியில் துணி எடுக்கும்போது கீழே ஓர் ஆண் சிரிப்பு, வாய்விட்டு, இருமலில் முடிகிற சிரிப்பு, டிவி என்று நினைத்தேன், ஏனென்றால் அப்படிச் சிரிக்கிற யாரையும் எனக்குத் தெரியாது. உக்காரு. அவர்தான். மேலே என் எதிரில் சிட், ஸ்டே என்று என் சொற்களையே சொல்லும் அதே வாய், கீழே போய், உக்காருடா மாப்ள, இருடா, தர்றேன்டா. நாய்க்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அவர். சேலைத்தலைப்பிலிருந்து ஏதாவது வாசனை, ஒரு கொண்டை ஊசி, அப்படி ஏதாவது என்றால் அழ ஒரு முறை இருக்கிறது, கத்த வார்த்தை இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது. அம்மாவுக்குப் போன் பண்ணி, அம்மா, இவர் அண்ணி கையால் அரிசிம்பருப்பு சாப்பிடுகிறார் என்றால், நல்லதாப் போச்சு, உனக்கு ஒரு வேலை மிச்சம் என்பாள். டொராண்டோ தோழி சிரித்துவிட்டு, இங்கே இதற்கெல்லாம் ஆலோசகர் இருக்கிறாரே ஹேமா என்பாள். தப்பான தொடுதல் ஒன்றுகூட அங்கே இல்லை, எனக்குத் தெரியும், சத்தியம் பண்ணுவேன். அதனால் என்ன. படுக்கையில் ஒருவர் பொய் சொன்னால் ஒரு ராத்திரி பொய். பசியில் பொய் சொன்னால் மூன்று வேளையும் பொய், தினமும் பொய், இத்தனை வருடத்து நல்லாருக்கும் பொய். அவர் பசியோடு என் எதிரில் உட்கார்ந்த நாள் ஒன்று இருந்ததா, அதையாவது சொல்லட்டும். இவனும். இவன் அங்கே காலடியில் உட்கார்ந்து, இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டு, தட்டு காலியாகக் காத்திருந்து ஓரத்தை வழித்திருக்கிறான். என் வீட்டில் இருக்கிற இரண்டு வயிறும் கீழே நிரம்பி மேலே வந்து என் முன்னால் படுத்திருக்கின்றன. அவர்கள் மூன்று பேர். நான் மேலே நின்று கோழிக் கழுத்தை நிறுத்துக்கொண்டிருந்தேன். சரி, அள்ளு. அள்ளினேன். இலைக்கட்டு சிதையாமல், பதமாக, லேபில் அள்ளுவது போல. மூடியை அழுத்தினேன். வெதுவெதுப்பு உள்ளங்கையில் தெரிகிறது. மேப்பிள் வாலை ஆட்டுகிறான், வேலை முடிந்ததல்லவா. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கக்கூட இப்போது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் தெரியும் அவனுக்கு, எல்லாவற்றையும் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டான், இதைவிட நேர்மையாக இந்த வீட்டில் யாரும் என்னிடம் நடந்துகொண்டதில்லை.

கேட்டைத் திறந்ததும் படிக்கு இழுக்கவில்லை, கீழ்வாசலுக்கு இழுத்தான். கயிறு போன பக்கம் நானும் போனேன். டப்பாவை அக்காவின் கோலத்தை விட்டுத் தள்ளி, வாசல் ஓரம் வைத்துவிட்டு, குழாயில் கையைத் தேய்த்துக் கழுவினேன். "என்ன கண்ணு, காலங்காத்தால டப்பாவும் கையுமா?" சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார் அக்கா, ஈரத்தலையில் துண்டு, துண்டுக்கு வெளியே கருப்பாக ஒரு சுருள். டாக்டர் கேட்டார் என்றேன். "மாப்பிள்ளைக்கா? ஐயோ, வயிறு கெட்டுருச்சா சாமி?" முகம் நிஜமாகவே சுருங்கிவிட்டது, அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "பெருமாள் மேல ஆணையா நான் ஒண்ணும் போடல கண்ணு. நீ வேண்டாம்னு சொன்னதிலிருந்து எங் கையால ஒரு பருக்கை போட்டதில்ல." எங் கையால. சொல்லி முடிந்தபிறகும் அந்தச் சொல் தானாக அங்கேயே நிற்பதை இரண்டு பேரும் கேட்டோம். "தெரியும்க்கா" என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார். விமான நிலையத்தில் பார்க்காத பார்வை, வந்து இத்தனை நாளில் பார்க்காத பார்வை, என் வகிட்டை விட்டு இறங்கிக் கண்ணுக்கு வந்த பார்வை. அந்த ஆனா தொண்டையில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது. "பசிக்குதுக்கா." அவர் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டார். "நேத்து அரிசிம்பருப்பு மிச்சமிருக்குது, சுட வெச்சிருக்கேன். நீதான் சோறே தொடமாட்டியே கண்ணு." தொடறேன் என்றேன். அக்காவின் கை தட்டு அடுக்குக்குப் போயிற்று, பழக்கமாக மேல் தட்டின் மேல் விழுந்தது, நின்றது, நகர்ந்து அதற்கு அடியில் இருந்த புதுத் தட்டை உருவப் பார்த்தது. மேல் தட்டு பழைய எவர்சில்வர், ஓரம் உயர்ந்து, புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் விளிம்பில். இங்கிருந்தே படிக்கமுடிந்தது. ரங்கராஜ். "அதுலயே போடுங்கக்கா." "அது நசுங்குன வட்டல் கண்ணு." "பரவால்ல."

தரையில் உட்கார்ந்தேன். இடது பக்கம், சுவரோரம், ஒருவரும் சொல்லாமல் மேப்பிள் உட்கார்ந்தான், அவன் இடம் அது, தரையில் அந்த இடம் கொஞ்சம் பளபளப்பாகவே இருந்தது. கண் என் முகத்தில் இல்லை, தட்டின் ஓரத்தில். அக்கா சோற்றுப் போசியிலிருந்து அள்ளிப் போட்டு நெய்யை விட்டார். வாயில் வைத்தேன். அரிசி, பருப்பு, தக்காளி, கொஞ்சம் பூண்டு, அடிப்பிடித்ததில் ஒரு கருகல் வாசம். நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் என் பாடு எவ்வளவு சுலபம். இத்தனை வருடம் நான் கேட்ட நல்லாருக்கு எதற்கும் இதற்கும் ஒட்டு உறவு இல்லை என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. விரலில் ஓர் இலை தட்டுப்பட்டது. ஓரத்துக்குப் போகட்டுமா என்று கேட்கிற மாதிரி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. மேப்பிள் கழுத்தை நீட்டினான். வாயில் போட்டு மென்றேன். கசந்தது, நார் பல்லில் மாட்டியது, மென்றேன். அடுத்தது. அதையும். மாடிப்படியில் செருப்புச் சத்தம், காலைப் பேப்பருக்கு இறங்குகிற சத்தம். "ஹேமா? மேப்பிள் போனானா?" எங்கள் வீட்டுக் காலைச் செய்தி அது, தினமும் முதல் கேள்வி. கேட்டபடியே வந்தவர் வாசலில் டப்பாவைப் பார்த்திருக்கவேண்டும், அப்புறம் திறந்திருந்த கதவு, அப்புறம் நான், அப்புறம் என் மடி முன்னால் அவர் பெயர். வாசற்படியில் நின்றுவிட்டார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, அணைந்திருந்த அடுப்பையே பார்த்தார்.

"போனான்" என்றேன்.

"எப்படி?" அவர் வாய் தானாகக் கேட்டுவிட்டது, பழக்கம்.

"இலை இலையா."

குழாய் சொட்டியது. அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை, மேப்பிள் பார்க்கிற இடத்தையே பார்த்தது, தட்டின் ஓரத்தை. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு காம்புகூட இல்லை. "இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா" என்றேன், திரும்பாமல். "அவ்வளவுதான் கண்ணு, அடியிலதான் கொஞ்சம்" என்றார், குரல் வேறு மாதிரி இருந்தது. "அதையும் வழிச்சுப் போட்ருங்க." கரண்டி போசியின் அடியைச் சுரண்டுகிற சத்தம் நின்று நிதானமாக வந்தது, வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கும், கேட்கட்டும். தட்டில் விழுந்த கருகலில் கடைசியாக ஓர் இலை. மேப்பிள் மெல்ல முனகினான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே அதை மென்றேன்.